ஆவினத்தை அளக்கும் கோல்

பண்ணை உயிர்களின் நலத்தைப் பேசுவார் பலர். அந்நலத்தை அளந்து காட்டுவார் சிலரே. அளக்கத் துணிந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு 2004 முதல் 2009 வரை நடைபெற்ற ‘வெல்ஃபேர் குவாலிட்டி’ என்னும் கூட்டாய்வு. நாற்பதுக்கு மேற்பட்ட ஆய்வு நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் அதில் கைகோத்தன. மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் அது வகுத்த அளவுமுறையின் நிறையையும் குறையையும் ஈண்டு ஆராய்வோம்.

முன்னர் ஆய்வாளர் பெரிதும் நோக்கியது கொட்டிலையே. இடம் எத்துணை, காற்று எத்துணை எனக் குறித்துச் சென்றனர். இக்கூட்டாய்வோ உயிரை நோக்கியது. பசு நொண்டுகிறதா, மெலிந்துள்ளதா, மேனியில் புண் உண்டா, மனிதர் அணுகினால் விலகி ஓடுகிறதா என வினவியது. கொட்டில் செம்மையாயிருப்பினும் உள்ளே நிற்கும் பசு நொண்டலாமன்றோ? இந்நோக்கே இம்முறையின் சிறப்பு.

நல்லுணவு, நல்லுறைவிடம், உடல்நலம், இயல்புக்கேற்ற நடத்தை என நெறிகள் 4. அவற்றின்கீழ்க் கூறுகள் 12. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் உண்டு. இறுதியில் பண்ணை 4 தரங்களுள் ஒன்றைப் பெறும். குறை இங்கேதான் தலைகாட்டுகிறது. நல்ல மதிப்பெண் தீய மதிப்பெண்ணை முற்றும் ஈடுசெய்யாதவாறு கணக்கை அமைத்தனர் என்பது உண்மையே. ஆயினும் மூன்று நெறிகளில் 20க்கு மேல் பெற்ற பண்ணை, எஞ்சிய ஒன்றில் 10ஐச் சற்றே தாண்டினும் ‘ஏற்கத்தக்கது’ ஆகிவிடுகிறது. அந்த ஒன்று உடல்நலமாயின் என் செய்வது?

கறவைப் பண்ணைகளில் நிகழ்ந்த பிற்கால ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின. தண்ணீர்த் தொட்டிகளின் எண்ணிக்கையும் தூய்மையும் இறுதித் தரத்தை அளவுக்கு மீறி அசைக்கின்றன. உயிரை நோக்கப் புறப்பட்ட முறை, தாகத்தை அறியுமிடத்தில் மீண்டும் தொட்டியையே நோக்குகிறது. தொட்டி கூடினால் தரம் உயரலாம்; நொண்டும் பசுவோ நொண்டிக்கொண்டேயிருக்கும்.

மாணவன் கணக்கில் தோற்றதை மொத்த மதிப்பெண் மறைக்குமாயின், நல்லாசிரியர் பாடந்தோறும் அவன் பெற்ற எண்ணைத் தேடுவார். பண்ணைக்கும் அதுவே தகும். பலர் கூடி ஆக்கிய இவ்வளவுகோலைக் கைவிட வேண்டா. தரப்பெயரோடு அமையாது 12 எண்களையும் பண்ணையாளர் கையில் கொடுத்தல் வேண்டும். எதைத் திருத்துவது என்பதை அவ்வெண்களே சொல்லும்.