இருட்டைத் தொடாத வைரம்

கண்ணாடியில் படம் பொறிக்கப் பல வழி உண்டு. சக்கரத்தில் தேய்க்கலாம், அமிலத்தால் அரிக்கலாம், வைர முனையால் கோடு கீறலாம். எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வைர முனையால் புள்ளி புள்ளியாகப் பொளிந்து உருவம் எழுப்பும் டச்சு வேலைப்பாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மற்றவை சற்று உரக்கப் பேசுவதாகத்தான் படும்.

செய்முறை கேட்க எளிது. அம்மி பொளிகிறவர் உளியைத் தட்டுவது போலத்தான் இதுவும். அங்கே உளி, இங்கே ஊசிமுனை வைரம். சிலர் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள், சிலர் பேனா பிடிப்பது போலப் பிடித்து ஊன்றுவார்கள். விழுந்த இடத்தில் கண்ணாடி இம்மியளவு நொறுங்கும். அந்த நொறுங்கல் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரியும். புள்ளிகள் நெருங்கினால் பிரகாசம், விலகினால் மங்கல். முனை தொடாத இடம் தெளிந்த கண்ணாடியாகவே நின்று, பின்னாலிருக்கும் இருட்டைக் காட்டும். காகிதத்தில் வரைபவர் நிழலைத் தீட்டி வெளிச்சத்தை விட்டுவைக்கிறார். இவர் வெளிச்சத்தை மட்டும் வைத்துவிட்டு, நிழலைக் கண்ணாடியிடமே விட்டுவிடுகிறார். வைத்த புள்ளியை அழிக்க வழி கிடையாது. மூக்கின் மேல் ஒரு புள்ளி கூடிப்போனால், சுற்றியுள்ளதையெல்லாம் ஒரு படி வெளுக்க வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆன்னா ரூமர்ஸ் விஸ்ஸர் என்ற டச்சுக் கவிஞர் தம் கோட்டு வேலைக்குத் துணையாகப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தார். முழுப் படத்தையும் புள்ளியாலேயே எழுப்பியவர் ஃபிரான்ஸ் கிரீன்வுட். ஆங்கில வம்சாவளியில் 1680-இல் ரோட்டர்டாமில் பிறந்து, டோர்ட்ரெக்ட் நகரில் அரசு உத்தியோகம் பார்த்தவர். கவிதையும் எழுதுவார். கண்ணாடிப் பொறிப்பு அவருக்குச் சோறு போட்ட தொழிலல்ல; ஓய்வுநேரப் பித்து. 1720-களில் அவர் செய்த கோப்பைகளில் தாடிக்காரர்களும் குடிகாரர்களும் புகை விலகி வருவது போல எழுந்து வருகிறார்கள். மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் அச்சுப் படங்கள். அக்காலத்து மெஸ்ஸோடிண்ட் அச்சில் செப்புத் தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மையிட்டு அச்சடித்தால் முழுக் கருப்பு. அதில் தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்தை வெளியே கொண்டுவர வேண்டும். இருட்டிலிருந்து தொடங்கும் அந்த யோசனைதான் கிரீன்வுட்டின் கையைப் பழக்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு காரணம் கண்ணாடியிலேயே இருந்தது. 1670-களில் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் ஈயம் கலந்த கண்ணாடியை உருவாக்கினார். சாதாரணச் சோடாக் கண்ணாடியைவிட அது மிருதுவானது. வைரம் பட்டால் சில்லு தெறிக்காமல் புள்ளியை அடக்கமாக வாங்கிக்கொள்ளும். பளபளப்பும் கூடுதல். நெடிய காம்பில் உருண்டைகள் கோத்தது போன்ற ஈயக் கண்ணாடிக் கோப்பைகளை டச்சுப் பொறிப்பாளர்கள் விரும்பித் தேடியதில் வியப்பில்லை.

கிரீன்வுட்டுக்கு அடுத்த தலைமுறையில் எல்லோரும் சொல்லும் பெயர் தி ஹேக் நகரத்து டேவிட் வோல்ஃப் (1732–1798). சந்தையில் இவருக்குத்தான் மவுசு. புள்ளிகள் அவ்வளவு நுண்மை. தனித்தனியாகக் கண்ணுக்குப் பிடிபடாமல் மூச்சுப்பட்ட ஈரம் போலப் படிந்திருக்கும். நட்பு வாழ்க என்று கோப்பை உயர்த்தும் கொழுகொழு குழந்தைகள், ஆரஞ்சு வம்சத்து இளவரசர் ஐந்தாம் வில்லெமின் உருவம் எல்லாம் இந்த வகைக் கோப்பைகளில் உண்டு. இளவரசர் கட்சியும் எதிர்க்கட்சியும் முட்டிக்கொண்ட 1780-களில், எந்தக் கோப்பையில் குடிக்கிறாய் என்பதே அரசியலாக இருந்திருக்கும். இருந்தாலும் எனக்குக் கிரீன்வுட்தான் ஒரு படி மேல். வோல்ஃபின் குழந்தைகளில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மேலும் வோல்ஃப் கையொப்பமிட்டவை மிகச் சில; அவர் பெயரில் விலைபோகும் மற்றவை பாணியை வைத்துச் சொல்லப்படுபவை. கிரீன்வுட் பல கோப்பைகளில் பெயரும் ஆண்டும் பொறித்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது காட்சிக்கு வைக்கும் விஷயம். இந்தக் கலையில் பாதி வேலை பொறித்தவருடையது, மீதி வைத்திருப்பவருடையது. வெள்ளைச் சுவர், மேலே பளிச்சென்று குழல்விளக்கு, நடுவே கோப்பை: படம் செத்துப்போகும். வெளிச்சம் பின்னாலிருந்து நேராக வந்தாலோ புள்ளிகள் கருத்து, நெகட்டிவ் ஃபிலிம் பார்ப்பது போலாகிவிடும். பின்னால் கருநீலமோ கருப்போ, ஒளியை விழுங்கும் வெல்வெட் துணி வேண்டும். விளக்கு பார்ப்பவர் கண்ணில் படாமல் பக்கவாட்டிலிருந்தோ அடியிலிருந்தோ வர வேண்டும். பழைய ஹாலோஜன் விளக்கின் சூடு அலமாரிக்குள் தேங்கும், பழங்கண்ணாடிக்கு ஆகாது. சின்ன எல்.இ.டி. விளக்கு போதும், அதையும் அலமாரிக்கு வெளியே வைத்தால் நல்லது. கோப்பைகளை அடுக்கி நிரப்புகிறவர்கள் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. ஒன்றன் பின்னால் ஒன்று நின்றால் பின்னதன் மினுமினுப்பு முன்னதன் இருட்டைக் கெடுத்துவிடும். ஒரு தட்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும். சிவப்பு ஒயின் ஊற்றிப் பாருங்கள்: வெல்வெட்டின் வேலையை ஒயினே செய்யும். வெறும் தண்ணீருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

கைரேகை எண்ணெய் குழிகளில் இறங்கினால் வெண்மை மங்கும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அலமாரிக்குள் அடங்காத புள்ளி வேலையும் உண்டு. கவிஞர் லாரன்ஸ் விஸ்லர் (1912–2000) இங்கிலாந்தில் இந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர். டார்செட்டில் மோர்ட்டன் என்னும் சிற்றூரின் தேவாலயம் 1940-இல் குண்டுவீச்சில் சன்னல்களை இழந்தது. 1955 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் ஒவ்வொன்றாகப் பொறித்துக் கொடுத்தார். வண்ணம் கிடையாது, வெறும் கண்ணாடிதான். வெல்வெட் விதியெல்லாம் அங்கே செல்லாது: பின்னால் மரம் இருக்கும் இடத்தில் படம் வெள்ளை, வெளிறிய வானம் இருக்கும் இடத்தில் அதே படம் சாம்பல் நிறம். காற்றில் கிளை அசைந்தால் ஓவியமும் மாறும். இந்த ஓயாத மாற்றத்துக்காகவே எனக்கு அவருடைய கோப்பைகளைவிடச் சன்னல்கள் பிடிக்கும். பதின்மூன்றாவதாக, இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் ஒரு சன்னல் செய்தார். தூக்கில் தொங்கும் அவன் கையிலிருந்து விழும் காசுகள் பூக்களாகின்றன. ஊர் அதை ஏற்கவில்லை. அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 2014-இல்தான் பொருத்தினார்கள். அதையும் வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

சேகரிக்கத் தொடங்குகிறவர் வோல்ஃபைத் துரத்த வேண்டாம். பணம் ஒரு பக்கம். பழைய கோப்பையில் பிற்காலத்தில் பொறித்த படங்களும் சந்தையில் உலவுகின்றன. கோப்பை பழையது என்பதால் படமும் பழையது ஆகிவிடாது. பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலங்காலமாகப் புழங்கிய கீறல் புள்ளிகளின் குறுக்கே ஓட வேண்டும். கீறலுக்கு மேலே புள்ளி உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படலாம். இங்கிலாந்தில் 1975-இல் தொடங்கிய கண்ணாடிப் பொறிப்பாளர் சங்கத்துக்கு விஸ்லர்தான் முதல் தலைவர். இன்றைக்குப் பொறிப்பவர்கள் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் சின்னதாக ஒன்று வாங்குங்கள். எந்தத் திசையிலிருந்து விளக்கு வர வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். வோல்ஃபிடம் அதைக் கேட்க முடியாது.