தில்லையாற்றங்கரைப் பெண்கள்

ஊரை விட்டுப் போனவர்கள் ஊரைப் பற்றி எழுதினால் ஏக்கம்தான் மிஞ்சும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இலங்கையின் கிழக்குப் பகுதியில், அக்கரைப்பற்றை அடுத்த கோளாவில் கிராமத்தில் பிறந்தவர் இவர். 1970ல் லண்டன் சென்று அங்கேயே குடியேறினார். கடல் கடந்த தமிழர் வாழ்வைச் சொன்ன முன்னோடி நாவல்களில் ஒன்று, 1981ல் வெளிவந்த இவரது ‘ஒரு கோடை விடுமுறை’. ஆனாலும் என் மனத்தில் நிற்பது ‘தில்லையாற்றங்கரை’தான்.

ஆற்றங்கரைக் கிராமமொன்றில் வளரும் மூன்று இளம் பெண்களின் கதை அது. அந்தப் பக்கத்தில் தாய்வழிக் குடிமுறை உண்டு; வீடும் வளவும் மகளுக்கே சேரும். சொத்து அவள் பேரில் இருந்தால் சொல்லும் அவளுடையதுதானே என்று மதுரைப் பக்கத்து வாசகர் நினைக்கக்கூடும். இல்லை என்கிறது நாவல். அவள் எதுவரை படிக்கலாம், யாருக்கு வாழ்க்கைப்படலாம் என்பதைப் பிறர்தாம் தீர்மானிக்கிறார்கள். ஊருக்குள் இருந்துகொண்டு இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பது கடினம். தூரம் இவருக்குத் துணிவைத் தந்திருக்கிறது.

துணிந்து பேசுகிறவர் ஊரை வெறுத்தவர் அல்ல. திருப்பரங்குன்றத்தில் நாம் மணக்கோலத்தில் கும்பிடும் முருகனைப் பற்றி, லண்டனில் இருந்தபடியே ‘தமிழ்க் கடவுள் முருகன்’ என்ற ஆராய்ச்சி நூலை எழுதியவரும் இவரே.

குறை ஒன்று உண்டு. பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் சில வேளை ஆசிரியரே முந்திக்கொள்கிறார். அழகாக எழுதிவிட்டு உண்மையை விழுங்கும் நாவல்களைவிட, இந்தக் குறையுள்ள நாவலே எனக்கு உயர்ந்தது.