ஆடும் விளக்குகள்: எண்ணிக்கையும் கலையும்

அமெரிக்க நாட்டில் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், புறநகர்த் தெருக்களில் சில வீடுகளின் முன்னே கார்கள் வரிசையாக வந்து நிற்கும். கூரை விளிம்பு, ஜன்னல் சட்டம், தோட்டத்து மரம் என ஓரிடம் விடாமல் கட்டிய விளக்குகள், கணினியின் கட்டளைப்படி பாட்டின் தாளத்துக்கு எரிந்து அணையும். வீட்டுக்காரரே திட்டமிட்டு, அவரே கம்பி இழுத்து, பழுதையும் அவரே பார்த்துக்கொள்ளும் பொழுதுபோக்கு இது. வேடிக்கை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நாம் இதை ஒரு கலையாகவே எடுத்துக்கொள்வோம். கலை என்றால் நல்லதையும் அல்லதையும் பிரித்துச் சொல்லத்தானே வேண்டும்?

இக்கலையை உலகறியச் செய்தவர் கார்சன் வில்லியம்ஸ் என்னும் மின் பொறியாளர். ஒஹாயோ மாநிலத்தில் மேசன் என்ற ஊரிலுள்ள தம் வீட்டில் 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்காக இவர் அமைத்த காட்சி, அடுத்த ஆண்டு வீடியோவாகப் பரவிப் பல இலட்சம் பேரைக் கவர்ந்தது. ஏறக்குறைய 16,000 சிறு விளக்குகள். அவற்றை இயக்கியவை 88 தடங்கள் மட்டுமே. சராசரியாக 180 விளக்குகளுக்கு ஒரு தடம் என்று ஆகிறது. ஒரு தடத்தில் உள்ள விளக்குகள் யாவும் ஒன்றாகவே எரியும், ஒன்றாகவே மங்கும். பாட்டை ஒலிபெருக்கியில் அலறவிடாமல், குறைந்த திறனுள்ள பண்பலை ஒலிபரப்பி மூலம் பார்வையாளரின் கார் வானொலிக்கே அனுப்பிவிட்டார். இந்த நாகரிகத்தை நம் ஊர்த் திருவிழாக் குழுவினரும் கற்றுக்கொள்ளலாம்.

அந்த வீடியோவை இன்று பார்த்தாலும் அலுப்புத் தட்டுவதில்லை. காரணம், குறைந்த தடங்களே என்பது என் கருத்து. 88 தடங்களை வைத்துக்கொண்டு படம் காட்ட முடியாது. ஆகவே எந்த இசைக்கருவிக்கு வீட்டின் எந்தப் பகுதி என்று அமைப்பாளர் பங்கிட்டே தீர வேண்டும். ஒரு கருவி ஓயும்போது அதற்குரிய பகுதி இருளில் மூழ்குகிறது. அந்த இருட்டுத்தான் அடுத்த ஒளிக்கு மதிப்பைத் தருகிறது. மேலும், அக்காலத்தில் பெரிதும் பயன்பட்டவை இழைவிளக்குகள். இழை சூடேறவும் ஆறவும் சிறிது நேரம் பிடிக்கும். வீணையின் தந்தியை மீட்டிவிட்டால் நாதம் மெல்ல அடங்குவதுபோல, அணைக்கப்பட்ட ஒளியும் ஒரு கணம் தேய்ந்தே மறையும். எல்.இ.டி. விளக்குக்கு அந்த இயல்பு கிடையாது. சட்டென்று எரியும், சட்டென்று அணையும். அந்தத் தேய்வை இன்று அமைப்பாளர் கையால் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பலர் சேர்ப்பதில்லை. பல காட்சிகள் கண்ணைக் குத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளக்குகளை முறைவைத்து மாற்றும் கருத்து கணினியோடு பிறந்ததன்று. எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் 1882ஆம் ஆண்டு நியூயார்க்கில் தம் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளைக் கட்டினார். மரமே மின்சாரத்தால் சுழன்றது. அதன் தண்டைச் சுற்றியிருந்த செப்புப் பட்டைகள், சுழலச் சுழல ஒரு தொகுதியின் இணைப்பைத் துண்டித்து அடுத்த தொகுதிக்குக் கொடுத்தன. இலங்கையில் வெசாக் பண்டிகைக்கு எழுப்பும் தோரணங்களிலும் இதே தத்துவந்தான்: மோட்டாரால் சுழலும் உருளை, அதன்மேல் உலோகத் தகடுகள், அவற்றைத் தொட்டுச் செல்லும் தொடுமுனைகள். தகடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதே நிரல். அதை மாற்ற வேண்டுமானால் ஆணியும் சுத்தியலும் போதும்!

இப்போது வந்திருப்பவை பிக்சல் விளக்குகள். ஒவ்வொரு விளக்கினுள்ளும் ஒரு சிறு சில்லு இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரே கம்பி வழியே தகவல் வருகிறது. முதல் விளக்கு தனக்குரிய 24 பிட்டுகளை எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் புதுப்பித்து அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடும். பந்தியில் இலைக்கட்டை முதல் ஆள் வாங்கித் தனக்கொன்று எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் கொடுப்பதைப் போன்றது. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ விநாடி. ஆயிரம் விளக்குகள் உள்ள சரத்துக்கு 30 மில்லி விநாடி ஆகிறது. விநாடிக்கு 33 காட்சிகள்வரை காட்டலாம். ஆயிரம் விளக்குகளும் ஆயிரம் நிறத்தில் எரியலாம்.

இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறார்கள்? பெரும்பாலானோர் வீட்டை ஒரு தொலைக்காட்சித் திரையாக்கிவிட்டார்கள். முற்றத்தில் கூம்பு வடிவிலான பெரிய மரம். அதில் சுருள்கள், பட்டைகள், ஓடும் எழுத்துகள். ஜன்னலைச் சுற்றிப் பாடும் முகங்கள். இவற்றுக்குரிய நிரல்களை விலைக்கே வாங்கலாம் என்பதால், ஒரே பாட்டுக்கு ஒரே அசைவுகள் வெவ்வேறு ஊர்களில் அச்சுப் பிசகாமல் நிகழ்கின்றன. எக்ஸ்லைட்ஸ், விக்சன் போன்ற நிரலாக்க மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவை அருமையான கருவிகள். குறை கருவியில் இல்லை. பட்டியலில் நூறு வகை அசைவுகள் இருக்கின்றன என்பதற்காக நூறையும் ஒரே பாட்டில் கொட்டுவதில்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வீட்டு விளக்கலங்காரத்துக்கென்றே 50,000 டாலர் பரிசுடன் ஒரு போட்டி தொடங்கியது. பரிசு என்று வந்துவிட்டால் கண் முதலில் எண்ணிக்கையைத்தான் தேடும். வில்லியம்ஸின் வீட்டில் பாட்டு நின்ற இடத்தில் விளக்கும் நின்றது. இன்றைய காட்சிகள் பலவற்றில் பாட்டு மூச்சு விடும்போதும் விளக்கு விடுவதில்லை.

அடுத்து, இக்கலையைத் தொடங்குவோர்க்காக எழுதப்படும் வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெரிய குறை இவற்றின் மேல்தான். 'இப்படி ஆனால் இதைச் செய்' என்று மருந்துச்சீட்டுப்போல் எழுதுகிறார்களே தவிர, ஏன் என்று சொல்வோர் குறைவு. 'சரத்தின் கடைசியில் வெள்ளை நிறம் பழுப்பேறினால் நடுவில் மின்சாரம் ஊட்டவும்' என்பது ஒரு வழக்கமான அறிவுரை. அறிவுரை சரியே, ஆனால் எங்கே, எத்தனை இடத்தில் என்பதை அறியக் கணக்கு வேண்டும்.

கணக்கு எளிது. 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர்வரை இழுக்கும். 100 விளக்குகளுக்கு 6 ஆம்பியர். மின்வழங்கி 5 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர 10 மீட்டர் கம்பி. நடுத்தரக் கனமுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.021 ஓம் என்று கொண்டால், 0.21 ஓம். ஆறால் பெருக்கினால் 1.26 வோல்ட். முதல் விளக்கைத் தொடுமுன்பே ஐந்தில் ஒன்றேகால் வோல்ட் கம்பியில் சூடாகிப் போய்விட்டது! சரத்தின் உள்ளே இழப்பது வேறு. சிவப்பு ஒளிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும். ஆகவே அழுத்தம் குறையும்போது நீலமும் பச்சையும் முதலில் சோர்ந்துபோக, சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. வெள்ளை பழுப்பேறுவதன் இரகசியம் இதுவே.

'12 வோல்ட் விளக்கு வாங்கினால் தொல்லை இல்லை' என்பது மற்றோர் அறிவுரை. அதே 1.26 வோல்ட் இழப்பு 5இல் கால்பங்கு, 12இல் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் உண்மை. ஆனால் சாதாரண 12 வோல்ட் வகை இழுப்பதும் அதே மின்னோட்டந்தான். மிஞ்சும் அழுத்தம் வெப்பமாக வீணாகும். 0.3 வாட்டில் முடிய வேண்டியது 0.72 வாட் ஆகிறது. இந்த விலையைச் சொல்லாமல் நன்மையை மட்டும் சொல்வது முறையா?

பழுது பார்ப்பதிலும் காரணம் தெரிந்தவருக்கே வழி தெரியும். 36 விளக்குகள் எரிந்து 37ஆவது முதல் இருண்டிருந்தால், குற்றவாளி 37ஆவதாக இருக்கலாம். தகவலை அனுப்பத் தவறிய 36ஆவதாகவும் இருக்கலாம். இலைக்கட்டு உவமையை நினைத்தால் இது விளங்கும். 37ஐ மாற்றியும் பயனில்லை என்று சரம் முழுவதையும் குப்பையில் போடுவோர் அடுத்ததாக 36ஐப் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு கேட்டுப் பச்சை வந்தால் அது பழுதே அன்று. சில சில்லுகள் பச்சையை முதலாகவும் சிவப்பை இரண்டாவதாகவும் எதிர்பார்ப்பவை, மென்பொருளில் வரிசையை மாற்றினால் போதும்.

எல்லாவற்றிலும் சுவையானது, மங்கலான காட்சியில் துடித்து, பிரகாசமான காட்சியில் அமைதியாகிவிடும் சரம். பேய் பிடித்ததுபோல் தோன்றும். பரவலாக உள்ள ஒரு வகைச் சில்லு, தனக்கு வரும் மின்னழுத்தத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் தகவலை 'ஒன்று' என்று உறுதியாக ஏற்கும். 5 வோல்ட்டுக்கு அது 3.5. சிறு கட்டுப்பாட்டுக் கணினிகள் பல தருவதோ 3.3 வோல்ட். விளக்குகள் முழுமூச்சாய் எரியும்போது கம்பி இழப்பால் 5 வோல்ட் 4.5 ஆகிவிட்டால், தேவை 3.15ஆகக் குறைகிறது, சில்லுக்குத் தகவல் புரிந்துவிடுகிறது! மருந்து, இடையே தகவலின் அழுத்தத்தை உயர்த்தும் ஒரு சில்லு. கைவசம் இல்லையெனில், முதல் விளக்குக்கு மட்டும் ஒரு சிலிக்கான் டயோடு வழியாக மின்சாரம் கொடுப்பார்கள். அதற்குக் கிடைப்பது 4.3 வோல்ட், தேவை 3.0, அது தரும் தகவல் 4.3. அடுத்த விளக்கு மகிழ்ச்சியாக ஏற்கும்.

வழிகாட்டிகள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதும், பலவற்றில் போகிற போக்கில் வருவதுமான ஒன்று உண்டு. 5 வோல்ட் அதிர்ச்சி தராது, ஆகவே ஆபத்தில்லை என்ற எண்ணம் தவறு. 350 வாட் மின்வழங்கி 5 வோல்ட்டில் 70 ஆம்பியர் கொடுக்க வல்லது. மெல்லிய கம்பியில் எங்கோ ஓரிடத்தில் தோல் உரிந்து ஒட்டிக்கொண்டால், வழங்கிக்கு அது கொஞ்சம் பெரிய சுமை, அவ்வளவுதான். அது பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கம்பியோ பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். வழங்கிக்கு ஒன்று என்றில்லாமல், பிரிந்து செல்லும் ஒவ்வொரு கிளைக்கும் அந்தக் கம்பி தாங்கும் அளவுக்குத் தக்க ஃபியூஸ் வேண்டும். வழங்கியின் மறுபக்கத்தில் இருப்பது வீட்டு மின்சாரம்; மழையில் நிற்கும் பெட்டிக்குக் கசிவு மின் துண்டிப்பான் கட்டாயம். பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும் இருக்கட்டும். எவ்வளவு பூசி அடைத்தாலும் இரவுக் குளிரில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வெளியேற வழி இருந்தால் நல்லது.

விந்தை என்னவென்றால், மின்சாரக் குறைக்கும் கலைக் குறைக்கும் பெரும்பாலும் ஒரே மருந்து உதவுகிறது: பிரகாசத்தைக் குறைப்பது. முப்பது விழுக்காட்டுக்கு இறக்கினால் மின்னோட்டமும் கம்பி இழப்பும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கிவிடுகின்றன. ஆனால் நம் கண் ஒளியை அப்படியே அளப்பதில்லை. அதற்கு அது பாதிக்கும் மேலாகவே தெரியும். தெருவுக்கு அப்பால் உறங்கும் குழந்தைக்கும் அது ஆறுதல். வில்லியம்ஸின் காட்சி 2005 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அருகே நடந்த ஒரு விபத்துக்கு, கார் நெரிசலால் போலீசார் எளிதில் போய்ச்சேர முடியவில்லை என்பதை அறிந்ததும், அவர் தாமே விளக்குகளை அணைத்துவிட்டார்.

முயன்று பார்க்க விரும்பும் மாணவர்கள் 50 விளக்குகள் உள்ள ஒரே சரத்தில் தொடங்கலாம். 3 ஆம்பியர், 15 வாட். அதற்கு மேல் போகாது. முழு வெள்ளையில் எரியவிட்டு, முதல் விளக்கிலும் கடைசி விளக்கிலும் வோல்ட்மானியை வைத்து அளந்து, இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முப்பது விழுக்காட்டில் ஒருமுறை அளந்து பாருங்கள். பாட்டுத் தேர்வை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.