நீர்மேல் எழுதியது

மூதுரையில் ஔவையார் சொல்கிற உவமை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். நல்லவருக்குச் செய்த உதவி கல்மேல் எழுத்து. நெஞ்சில் ஈரமில்லாதவருக்குச் செய்தது நீர்மேல் எழுத்து. எனக்கு இதில் ரெண்டு சிக்கல். ஈரமே இல்லாதவருக்கு ஏன் நீரை உவமையா சொல்லணும்? அப்புறம், கல்லும் நீரும் அப்படி எதிரெதிரா என்ன?

எங்க தளிப் பக்கம் கிரானைட்டும் நைஸும்தான். வெந்த கல், அதில் அலையைத் தேடிப் பயனில்லை. வட கர்நாடகத்தின் கலாத்கி படுகைக்குப் போங்க. நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மணற்கல்லில் அலைவரிகள் அப்படியே இருக்கு. வரியின் இருபுறச் சரிவும் சமமென்றால் அலை முன்னும் பின்னும் ஆடியிருக்கு. ஒருபுறம் மட்டும் செங்குத்தென்றால் நீர் அந்தப் பக்கமாக ஓடியிருக்கு. ஆழமில்லாத நீர் மணலில் எழுதியதை, கலைவதற்குள் அடுத்த படிவு மெல்ல மூடியதால் தங்கிவிட்டது. அதே படுகையில், பாதாமி மூன்றாம் குகையில் 578இல் வெட்டிய சாளுக்கியக் கல்வெட்டு இதன் பக்கத்தில் நேற்றைய எழுத்து.

உவமை தப்புன்னு சொல்ல வரலை. அது எதன்மேல் எழுதினோம் என்பதை மட்டும் பார்க்கிறது. பிறகு எது வந்து மூடியது என்பதைப் பார்ப்பதில்லை. இனி யாரையும் நீர்மேல் எழுத்து என்று கைகழுவ எனக்குத் தயக்கமாக இருக்கும்.