கால்பந்துக் கழகங்களின் நாமகரணம்

ஒரு கால்பந்துக் கழகத்துக்கு நாமகரணம் செய்யும் உரிமை, அதைப் பணம் கொடுத்து நடத்துவோர்க்கு உரியதா, தலைமுறை தலைமுறையாக அதைத் தம்முடையதென்று கொண்டாடிவரும் ஜனங்களுக்கு உரியதா என்னும் கேள்வி, இவ்வாட்டம் தொழிலாக வளர்ந்த தேசங்கள் பலவற்றிலும் எழுந்திருக்கிறது. என் அபிப்பிராயம் ஜனங்களின் பக்கமே. ஏனெனில், நிலைபெற்ற பெயர்களில் மிகப் பல, ஆடியவர்களின் தொழிலிலும் ஓய்விலும் வழிபாட்டிலும் தாமாகவே பிறந்தவை.

ஷெஃபீல்டு நகரத்துக் கைவினைஞர்கள், புதன்கிழமைதோறும் தமக்கு வாய்த்த அரைநாள் ஓய்வில் கிரிக்கெட் ஆடுவதற்காக அமைத்த சங்கத்துக்கு, அந்தக் கிழமையின் பெயரையே சூட்டி 'வெட்னஸ்டே' என்றழைத்தனர். குளிர்காலத்தில் அங்கத்தினர்கள் கலைந்துவிடாதிருக்கும் பொருட்டு 1867-இல் அச்சங்கத்தார் கால்பந்தையும் மேற்கொண்டபோது, பெயரும் உடன் வந்தது. அந்த அரைநாள் ஓய்வு மறைந்து எத்தனையோ காலமாகியும், ஷெஃபீல்டு வெட்னஸ்டே என்ற பெயரில் அத்தொழிலாளரின் வாழ்வு எழுதப்பட்டிருக்கிறது. இப்பெயருக்கு இணையாக நான் மதிப்பது ஆர்சனல் என்பதை. லண்டனின் தென்கிழக்கே உல்விச்சில் இருந்த அரசாங்க ஆயுதசாலையின் தொழிலாளர் 1886-இல் தொடங்கிய இக்கழகம், 1913-இல் தேம்ஸ் நதியைக் கடந்து வடக்கே ஹைபரிக்குக் குடியேறியபின் உல்விச் என்ற ஊர்ப்பெயரைக் கைவிட்டதேயன்றி, தன் பிறப்பை உணர்த்தும் ஆயுதசாலையின் பெயரைக் கைவிடவில்லை. பீரங்கி இன்றும் அதன் சின்னமாக விளங்குகிறது.

தேவாலயங்களைச் சார்ந்து பிறந்த கழகங்களும் உண்டு. ஆஸ்டன் வில்லா, பர்மிங்காமில் வில்லா கிராஸ் என்னுமிடத்து மெதடிஸ்ட் ஆலயத்தைச் சேர்ந்த இளைஞர்களால் 1874-இல் உண்டானது. எவர்ட்டன் முதலில் புனித டொமிங்கோ ஆலயத்தின் பெயரைத் தாங்கியிருந்தது.

சரித்திரத்தையும் காவியத்தையும் நாடிச் சென்றவர்கள் வேறொரு சம்பிரதாயத்தார். 1882-இல் டாட்டன்ஹாமின் பள்ளிச் சிறுவர்கள், ஷேக்ஸ்பியரின் நாடகத்திலும் இடம்பெற்ற ஹாரி ஹாட்ஸ்பர் என்ற வீரனின் பெயரைத் தேர்ந்தபோது, அவனுடைய பெர்சி வம்சத்தாருக்கு அவ்வட்டாரத்தில் நிலபுலன்கள் இருந்தமையால், அச்செயலுக்கு உள்ளூர்ப் பற்றும் காரணமாயிற்று. 1900-இல் ஆம்ஸ்டர்டாமில் தோன்றிய கழகம் கிரேக்க வீரன் அயாக்ஸின் பெயரைச் சூடிக்கொண்டது.

'யுனைடெட்' என்னும் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நியூகாசிலில், நகரின் கிழக்கு, மேற்குப் பகுதிகளைச் சேர்ந்த இரு கழகங்கள் போட்டியிட்டுவந்து, மேற்குக் கழகம் 1892-இல் நொடித்துப்போக, கிழக்குக் கழகம் அதன் மைதானத்துக்கு வந்து, இருதிறத்து அபிமானிகளையும் ஒன்றுபடுத்தும் நோக்கத்துடன் நியூகாசில் யுனைடெட் என்றாயிற்று. அங்கே அச்சொல் முற்றும் பொருந்துகிறது. மான்செஸ்டரிலோ, ரயில்வேத் தொழிலாளர் 1878-இல் அமைத்த நியூட்டன் ஹீத் கழகம், கடன்பட்டு அழியும் நிலையில் செல்வர் ஜான் ஹென்றி டேவிஸால் காப்பாற்றப்பட்டு, 1902-இல் மான்செஸ்டர் யுனைடெட் எனப் புதுப்பெயர் பெற்றது. இரு கழகங்கள் ஒன்றானதால் வந்ததன்று அது. ஆயினும் ஜனங்கள் மனமுவந்து ஏற்றமையால், உலகப் பிரசித்தி எய்தியது.

அரசாங்க அதிகாரத்தால் புகுத்தப்பட்ட பெயர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஃபிராங்கோவின் ஆட்சியில், அந்நிய பாஷைப் பெயர்கள் ஆகா என்ற ஆணையால், 1941-இல் 'அத்லெடிகோ' ஆக்கப்பட்ட பில்பாவோ கழகம், 1972-இல் தன் பழைய ஆங்கில வடிவமாகிய 'அத்லெடிக்' என்பதையே மீட்டுக்கொண்டது. அந்நியருக்கும் இடமளிப்பதற்காகவே 1908-இல் மிலான் நகரில் பிரிந்துதித்த இண்டர்நாசியோனாலே, முசோலினியின் காலத்தில் அம்புரோசியானா என்று மாற்றப்பட்டு, யுத்தம் முடிந்ததும் பழைய பெயருக்கே திரும்பியது.

வியாபார ஸ்தாபனத்தின் பெயரென்ற ஒரே காரணத்தால் ஒரு பெயரைத் தாழ்வென்று தள்ளுதல் நியாயமன்று. ஜெர்மனியில் லெவர்குசன் கழகத்துக்கு முன்னே நிற்கும் 'பாயர்', 1904-இல் அந்த இரசாயனத் தொழிற்சாலையின் ஊழியர்களே விண்ணப்பித்துப் பெற்ற கழகத்தின் அடையாளம், ஐந்தோவனின் பி.எஸ்.வி., பிலிப்ஸ் தொழிலாளரின் சங்கம். ஆனால் 1933-இல் பிறந்த ஆஸ்திரியா சால்ஸ்பர்க்கை 2005-இல் விலைக்கு வாங்கிய பான நிறுவனம், கழகத்துக்குத் தன் சரக்கின் பெயரைச் சூட்டி, ஊதா நிறத்தையும் களைந்தபோது, அபிமானிகள் பழைய பெயரிலும் பழைய நிறத்திலும் தனிக் கழகம் நிறுவி, ஏழாம் படிநிலையிலிருந்து ஆடத் தொடங்கினர். இவர்களுடைய விசுவாசத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

பெயரிடுவோர் கேட்டறிய வேண்டியவர்கள் பழைய அபிமானிகள் மட்டுமல்லர். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2006-இல் ஒரு கழகத்துக்கு, அந்நகரம் தோன்றிய 1836 என்னும் ஆண்டையே பெயராக அறிவித்தார்கள். டெக்சாஸ் மெக்சிகோவிடமிருந்து போரிட்டுப் பிரிந்த ஆண்டும் அதுவேயாகையால், அங்கு வாழும் மெக்சிகோ வம்சத்தார் மனம் நொந்தனர். சில வாரங்களுக்குள் அது 'டைனமோ' என்று மாற்றப்பட்டது.

பெயர்மாற்றத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கத்தினிடம் இருப்பது பெரும் நன்மை. 1904 முதல் வழங்கிவரும் ஹல் சிட்டி என்ற பெயரை, வெளிநாட்டுச் சந்தைகளை உத்தேசித்து, 'ஹல் டைகர்ஸ்' என்று மாற்ற உரிமையாளர் அசெம் ஆலம் விண்ணப்பித்தார்; கழகத்தை நெருக்கடியில் காத்தவர் என்ற நன்றி ஊராருக்கு இருந்தும், பெயரை விட்டுக்கொடுக்க அபிமானிகளில் ஒரு பெருங்கூட்டத்தார் இசையவில்லை. சங்கம் 2014-இல் அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. மறு ஆண்டு மீண்டும் வந்தபோதும் அதே தீர்ப்பை அளித்தது.