ஹள்ளிக்குள் ஒரு பள்ளி

பொம்மனஹள்ளி என்ற ஊர்ப்பெயரின் அழகு அதன் பின்பாதியில் இருக்கிறது. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாகிவிட்டது. நம் பால் அங்கே ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து. அதே வழியில் வந்ததுதான் ஹள்ளி. பழைய வடிவம் பள்ளி. பெங்களூரின் ஓசூர் சாலையில் தினமும் பஸ் நடத்துனர் கூவும் பெயரைத் தமிழ்க் காதோடு கேட்டால் ‘பொம்மன் பள்ளி’ என்றே ஒலிக்கும். ஊர்ப்பெயர்களை ரசிப்பவர்கள் பெரும்பாலும் முன்பாதியில் மயங்கி, யார் அந்தப் பொம்மன் என்று தேடுவார்கள். மக்களின் சமய வாழ்வு அழுத்தமாகப் பதிந்திருப்பது பின்னொட்டில்தான் என்பது என் கட்சி.

பள்ளி என்றால் முதலில் படுக்கை. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், திருப்பள்ளியெழுச்சி என இன்றும் அந்தப் பொருளில்தான் வழங்குகிறோம். சமணத் துறவிகள் மலைக்குகையில் படுத்துறங்கிய இடமும் பள்ளியானது. மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில், பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி குடைவித்ததைத் தமிழ் பிராமிக் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வைக்கிறார். துறவியின் பெயரும் பள்ளி என்ற சொல்லும் ஒரே கல்லில் சேர்ந்து நிற்கும் காட்சி அது. துறவிகள் பாடம் சொன்னதால் பள்ளி கல்விக்கூடமாயிற்று. சுற்றிக் குடியேறியவர்களால் ஊருமாயிற்று. பிறகு வந்த சமயங்களும் சொல்லை மாற்றாமல் எடுத்துக்கொண்டன. தமிழ் முஸ்லிம்களுக்குத் தொழுமிடம் பள்ளிவாசல்; கேரளத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயமே பள்ளி. இத்தனை சமயங்களுக்கு இடம் கொடுத்த சொல் நம் மொழிகளில் வேறொன்று கிடைப்பது அரிது.

இதற்கு ஒப்பானதை ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் காணலாம். அங்கே ‘கில்’ என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம். அறை என்று பொருள்படும் லத்தீன் ‘செல்லா’, கேலிக் மொழியில் ‘கில்’ ஆகி, துறவியின் சிற்றறையையும் சிறு கோயிலையும் குறித்தது. எக் தீவில் 617இல் கொல்லப்பட்ட டோனன் என்ற துறவியின் பெயரை அத்தீவின் கில்டோனன் இன்றும் தாங்கி நிற்கிறது. கில்பிரைடு, பிரிஜித் என்ற பெண் துறவியின் கோயில். பின்னர் கடல்வழி வந்த நார்ஸ் மக்கள் ஸ்காட்லாந்துத் தீவுகளில் இருந்த துறவிகளைப் ‘பாபர்’ என்றழைத்தார்கள். பாபா வெஸ்ட்ரே, பாபே போன்ற தீவுப் பெயர்கள் அப்படிப் பிறந்தவை. நம் பக்கத்தில் படுக்கை, அவர்கள் பக்கத்தில் அறை. துறவி உடல் சாய்த்த இடமே இரண்டு நிலங்களிலும் ஊருக்கு வித்தாகியிருக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. பள்ளி என்பதற்கு ஆயர் சேரி, சிற்றூர் என்ற பொருளும் பழையதே. ஹள்ளி என்று முடியும் ஊரெல்லாம் மடம் இருந்த ஊரா என்று கேட்கலாம். இல்லை. பொம்மனஹள்ளியில் துறவி வாழ்ந்தார் என்று நான் வாதிடவில்லை. பொம்மன் என்பது பிரம்மன் என்பதன் தற்பவம். அது தெய்வத்தின் பெயராகலாம், நிலம் உழுத ஒரு குடியானவனின் பெயராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பிக் கோயில் எழுப்பினால் என்னவாகும் என்பதற்குச் செயின்ட் கில்டா தீவே சாட்சி. அப்படியொரு புனிதர் இருந்ததே இல்லை. தவறாக எழுதப்பட்ட ஒரு சொல்லுக்குப் புனிதப் பட்டம் கிடைத்துவிட்டது என்றே கருதுகிறார்கள். ஆகவே முன்பாதிக்குக் கல்லின் சாட்சி வேண்டும். ஊர்ப்பெயர்களுக்கு அப்படிப்பட்ட சாட்சி பொம்மனஹள்ளியின் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் வேப்பூர்க்காரர் ஒருவர் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த வேப்பூர்தான் இன்றைய பேகூர். அந்தப் பேகூரின் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு பெங்களூரில் நடந்த சண்டையைக் குறிக்கிறது. இங்கே ஊர்ப்பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளாக இரு மொழிகளின் வாயிலும் புழங்கியவை.

பொருள் சிற்றூர் என்று விரிந்ததால் சொல்லின் சமய நினைவு அழிந்துவிடவில்லை. விரிய விரியத்தான் அது பிழைத்தது. சென்னையின் சாந்தோம் என்ற பெயரில் தோமா என்ற புனிதரின் போர்ச்சுகீசியப் பெயர் மட்டும் இருக்கிறது. தமிழ்ப் பின்னொட்டு இல்லாததால் அந்தப் பெயரிலிருந்து இன்னொரு ஊர் கிளைக்கவில்லை. பள்ளியோ திருச்சிராப்பள்ளி முதல் காஞ்சிரப்பள்ளி வரை, பொம்மனஹள்ளி வரை கிளைத்தது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகையின் சமணக் கற்படுக்கைகளில் தலை வைக்கும் இடத்தைச் சற்று உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் உறங்கியவர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அந்தத் தலையணை மேடு அப்படியே இருக்கிறது. பள்ளி என்ற சொல்லும் அப்படி ஒரு மேடுதான். துறவி எழுந்து போன பின் ஆயரும் உழவரும் தொழுகையாளரும் மாணவரும் அதில் தலை சாய்த்தார்கள். இன்று வேலை தேடி வந்து பொம்மனஹள்ளியில் வாடகைக்கு அறை பிடிப்பவரும், பெயரின் பொருள் அறியாமலே, அங்கேதான் தலை சாய்க்கிறார்.