பந்தல் தெரிந்தவர்களின் கூடாரம்

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் படப்பையில் வெயிலுக்கு ஓய்வே கிடையாது. பகலில் மேலிருந்து இறங்குகிறது. இரவில் தரையிலிருந்து கிளம்புகிறது. ஒரகடம் வரை நீளும் அகலச் சாலையின் தாரும் வரிசை வீடுகளின் கான்கிரீட்டும் பகலெல்லாம் குடித்த சூட்டை விடிய விடிய விடுகின்றன. மெரினாவை நண்பகலிலேயே தொட்டுவிடும் கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சில நாள் வருவதே இல்லை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வீடு திரும்புகிறவர், தூங்குவதற்காகவே ஒரு மலையைத் தேடுவதில் வியப்பில்லை.

ஊட்டியும் கொடைக்கானலும் எல்லோர் நினைவிலும் முதலில் வரும். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் வேண்டும். அறைக்கு அலையவும் வேண்டும். கையில் ஒரு கூடாரம் உள்ளவருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. படப்பையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில், வாணியம்பாடி தாண்டினால் ஏலகிரி. உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. இங்கே 40 என்றால் அங்கே 33ஐ ஒட்டி இருக்கும். பகலுக்கு இது பெரிய லாபமில்லை. உச்சி வெயில் அங்கும் சுடும். இரவில்தான் மலை தன் குணத்தைக் காட்டும். அந்த இரவை முழுதாக வாங்கிக்கொள்ளத் தெரிவதே கோடைக் கூடாரக் கலை.

கடையில் விற்கும் கூடாரங்களில் பெரும்பாலானவை குளிரையும் காற்றையும் மனதில் வைத்துப் பிறந்த வடிவம். குறுக்காக வளையும் இரண்டு கம்பிகள், உள்ளே ஒரு துணி, மேலே மழைத்துணி. சூட்டை உள்ளே பிடித்து வைப்பதில் கெட்டிக்காரக் குவிமாடம் அது. கோடைக்கு அதை அப்படியே கட்டினால் காலை எட்டு மணிக்குமேல் உள்ளே உட்கார முடியாது. நம் ஊர் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. கல்யாண வீட்டு வாசலிலும் தண்ணீர்ப் பந்தலிலும் என்ன செய்கிறோம்? நான்கு கால் நட்டு, கீற்று வேய்ந்து, சுவரே வைக்காமல் விடுகிறோம். வெயிலைக் கீற்று வாங்கிக்கொள்ளும். காற்று நான்கு பக்கமும் போய்வரும். அறுவடை முடிந்த பிறகு ஏரிக்கரைகளில் தங்கும் வாத்து மேய்ப்பவர்களின் தார்ப்பாய்க் குடிலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் திறந்தே இருக்கும்.

அந்த அறிவைத்தான் மலைக்கும் கொண்டுபோக வேண்டும். வாங்கும்போதே உள்துணியில் இரண்டு பக்கமும் வலை இருக்கிறதா, கதவு இரண்டா, மழைத்துணியைச் சுருட்டிக் கட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு பேருக்கு என்று எழுதியிருந்தால் கோடையில் அது இரண்டு பேருக்கு. கூடாரத்துக்குமேல் ஒரு முழம் இடைவெளி விட்டு, வெளிர்நிறத் தார்ப்பாய் ஒன்றைத் தனியாக இழுத்துக் கட்டுங்கள். சூரியன் தார்ப்பாயைச் சுடும். இடையில் சூடேறும் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். கூடாரம் நிழலில் கிடக்கும்.

தேர்ந்த கை எது என்று முளை அடிக்கும்போது தெரிந்துவிடும். மே மாதத்து மலைமண் காய்ந்து இறுகியிருக்கும். புதியவர் முளையை நேராக நிறுத்தி ஓங்கி அடிப்பார், முளை வளையும். பழகியவர் முளையின் தலையைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்துப் பிடிப்பார். இழுகயிறு முளையோடு ஏறக்குறைய செங்கோணத்தில் சேர வேண்டும். அப்போதுதான் எத்தனை இழுத்தாலும் முளை பிடுங்கிக்கொண்டு வராது. முளை இறங்க மறுத்தால் குழியில் ஒரு குவளை நீர் ஊற்றிச் சற்றுப் பொறுப்பார். அடியில் பாறை என்றால் கயிற்றை ஒரு கல்லில் சுற்றி, அதன்மேல் பெரிய கல் ஒன்றை ஏற்றுவார். பிறகு முடிச்சு: கயிற்றின் நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, உட்பக்கம் இரண்டு சுற்று, வெளிப்பக்கம் ஒன்று. பாரம் விழுந்தால் இறுகும், கையால் தள்ளினால் நகரும். இரவு ஈரத்தில் துணி தொய்ந்தால் அவிழ்க்காமலே இறுக்கிவிடலாம். எல்லாக் கயிறும் ஒரே அளவு இழுபட்ட கூடாரத்தைத் தட்டிப் பார்த்தால், புதிதாகப் பின்னிய கயிற்றுக் கட்டிலின் விறைப்பு தெரியும்.

இதைவிட நுட்பமானது இடம் பார்ப்பது. மூன்றைப் பார்க்க வேண்டும்: நிழல், இரவுக் காற்று, கோடை மழை. மேற்கே மரமிருந்தால் பிற்பகல் தப்பும். கிழக்கே இருந்தால் காலைத் தூக்கம் ஒரு மணி நேரம் நீளும். மரம் எட்ட இருக்க வேண்டும். ஏலகிரி பலாவுக்குப் பேர்போன ஊர். காய்த்த பலாவின் அடியிலும் பட்ட கிளையின் அடியிலும் படுக்கை விரிக்கக் கூடாது. தனித்து நிற்கும் உயர்ந்த மரம் இடியை அழைக்கும். சூரியன் விழுந்ததும் சரிவின் தரை முதலில் குளிரும்; அதை ஒட்டிய காற்று கனத்துக் கீழ்நோக்கி வழியும். வாசலை மேட்டுப்பக்கம் வைத்தால் அந்தக் காற்று உள்ளே நுழைந்து பின்கதவு வழியே வெளியேறும். பள்ளத்தின் அடியில் போட்டால் அதுவே தேங்கி, பனி கோத்து, விடியலில் துணி சொட்டும். வறண்ட ஓடையின் மணல் மெத்தென்று ஆசை காட்டும். ஆனால் கோடை மழை மேலே எங்கோ கொட்டினாலும் வெள்ளம் அங்கேதான் முதலில் வரும்.

ஒரு விஷயத்தில் ரசனைக்கும் முன்னால் ஒழுங்கு வருகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை அதன் பிறகும் மறப்பது குற்றம். காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கூடாரம் கூடாது. பட்டா நிலத்தில், முகாம் என்று நடத்தப்படும் இடத்தில், சொல்லிக்கொண்டு தங்க வேண்டும். படத்துக்காக மூட்டும் கேம்ப்ஃபயர் கோடைக்கு வேண்டவே வேண்டாம்.

தீ இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன? கட்டுச்சோறு கண்ட நாட்டில் இந்தக் கேள்வியே எழக் கூடாது. போகிற வழியில் காஞ்சிபுரம் இருக்கிறது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகவைக்கும் கோயில் இட்லி, பயணத்துக்கென்றே பிறந்த பண்டம். இரவுக்குப் புளியோதரை. தண்ணீரை ஈரத்துணி சுற்றிய பாத்திரத்தில் காற்றில் வையுங்கள். படப்பையின் புழுக்கத்தில் அது அவ்வளவாகக் குளிராது; உலர்ந்த உள்நாட்டுக் காற்றில் நன்றாகவே குளிரும்.

புறப்பாட்டை விடியற்காலை நான்கு மணிக்கு வைத்தால், வேலூரின் வெயில் ஏறும் முன் மலையடி வந்துவிடும். மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள்; தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் அந்த வரிசையில் இருப்பது குளிர் தேடி ஏறுகிறவர்களுக்குப் பொருத்தமான வரவேற்பு. நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அமாவாசையை ஒட்டிப் பாருங்கள். பக்கத்து ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது; 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே 1986 முதல் இயங்குகிறது. இருண்ட வானம் தேடி வானியலாளர்கள் வந்த பக்கம் இது. மழைக்குறி இல்லாத இரவில் மழைத்துணியையும் தார்ப்பாயையும் கழற்றிவிட்டு வலைக்கூரையின் அடியில் மல்லாந்து படுத்தால், சித்திரையும் சுவாதியும் உச்சியில் நிற்கும். அனுஷமும் கேட்டையும் கிழக்கே ஏறும். கழற்றியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இந்தக் கலை எங்கள் பகுதிக்கு எளிதில் கைவரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரகடத்தில் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் வரிசை தப்பாமல் முறுக்குகிறவர்களுக்கு முளையும் கயிறும் புதிதல்ல. எது எதற்கு முன் என்ற ஒழுங்கு அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது ஒத்திகைதான். ஏப்ரலிலேயே ஒரு வார ஓய்வு நாளில் மொட்டை மாடியில் கட்டிப் பாருங்கள். முளைக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய கேன்கள். முதலில் எல்லாவற்றையும் மூடிப் படுங்கள், பிறகு மழைத்துணியைச் சுருட்டிவிட்டுப் படுங்கள். எந்தப் பக்கம் திறந்தால் காற்று வருகிறது என்று உடம்பே சொல்லும். அது தெரிந்தபின் மலைக்குப் போகும் நாளைக் குறியுங்கள்.